தண்டி இருக்கும் கரை

என் சித்தி அமல்ராணி பொதுத்தேர்வில் பிள்ளைகள் சொல்வதை எழுதிக் கொடுப்பாள். கை வராத பிள்ளைகள், எழுத்துகள் கண்ணுக்குள்ளேயே இடம் மாறிக்கொள்ளும் பிள்ளைகள், தேர்வுக்கு முதல் வாரம் வண்டியிலிருந்து விழுந்து மாவுக்கட்டோடு வருகிற பிள்ளைகள். அவர்களுக்குத் தனி அறை, ஒரு மணி நேரம் கூடுதல், பக்கத்தில் ஓர் ஆசிரியர். அரசு ஆணையில் ‘சொல்வதை எழுதுபவர்’ என்று இருக்கும். பள்ளிக்கூடத்தில் ஸ்கிரைப் என்பார்கள்.

அது அவளுடைய வேலை இல்லை. திண்டிவனத்தை ஒட்டிய ஓர் அரசுப் பள்ளியில் அவள் ஓவிய ஆசிரியை. பகுதி நேரம், வாரத்துக்கு மூன்று அரை நாள். வீடு விழுப்புரத்தில், ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில். காலை பாசஞ்சரில் போய் மதியம் எது கிடைக்கிறதோ அதில் திரும்புவாள். அரை நாள் என்பது பேச்சுக்குத்தான். ஆண்டு விழா மேடைக்குப் பின்னால் துணி கட்டுவது, வருகைப் பதிவேட்டுக்கு அட்டை போடுவது, அதிகாரி வருகிறார் என்றால் வாசலில் கோலம் போடுவது எல்லாம் அவள்தான். யாராவது சொன்னால் செய்வாள். சொல்லாவிட்டால் ஸ்டாஃப் ரூம் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள்.

ஸ்கிரைப் வேலைக்கு ஆள் கேட்டு மேலிடத்திலிருந்து வந்தால் தலைமையாசிரியர் விருத்தாசலம் யோசிக்கவே மாட்டார். “அமல்ராணி டீச்சர் பேரைப் போடுங்க. அவங்க மூஞ்சில ஒண்ணும் வராது, அதான் வேணும்” என்பார்.

அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. பதில் தெரியாத பிள்ளை எழுதுபவரின் முகத்தைப் பார்க்கும். ‘அ’ என்று சொல்லிவிட்டு புருவத்தைப் பார்க்கும். புருவம் லேசாக ஏறினால் ‘இல்ல மிஸ், இ’ என்று மாற்றும். நல்ல மனசுள்ள ஆசிரியர்கள் புருவத்தாலேயே பாதித் தேர்வை எழுதிவிடுவார்கள். சித்தியின் புருவத்தை வைத்து யாரும் ஒரு மார்க் எடுத்ததில்லை. முதல் உலகப்போருக்கான காரணங்களை விவரி என்ற கேள்விக்கு ஒரு பையன் வெகுநேரம் யோசித்து “கோவம்” என்று மட்டும் சொன்னானாம். சித்தி கேள்வி எண்ணைப் போட்டு, ‘கோபம்’ என்று திருத்தக்கூட இல்லாமல், ‘கோவம்’ என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தாள்.

“நீ ஒண்ணும் சொல்லலையா சித்தி?”

“சொல்லக் கூடாதுல்ல.”

“சிரிப்பாவது வரலையா?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “வரல” என்றாள்.

நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு இந்த ஜூனில் அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். எவ்வளவு நாள் இருப்பேன் என்று அவள் கேட்கவில்லை. ஒரு தட்டு கூடுதலாகக் கழுவி வைத்தாள், அவ்வளவுதான். சித்தப்பா அந்தோணி பிரபு போனபோது நான் இங்கே இல்லை. விக்கிரவாண்டி தாண்டி பைபாஸில் ஒரு லாரி. அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் இங்கே கையெழுத்து போடும்மா என்றார்கள், போட்டாளாம். இங்கே என்றார்கள், அங்கேயும் போட்டாளாம். கல்லறையில் மண் போடச் சொன்னார்கள், போட்டாளாம். அந்த வாரமே காலாண்டுத் தேர்வுக்கு வரைபட வினாத்தாள் வரைய வேண்டும் என்று பள்ளியிலிருந்து போன் வந்தது. அதையும் வரைந்து கொடுத்தாள். “அழு, அழுதுடு” என்று அம்மா சொன்னதை மட்டும் அவளால் செய்ய முடியவில்லை.

ஒரு நாள் அவளோடு பள்ளிக்குப் போனேன். வீட்டில் சும்மா இருக்க எனக்குக் கால் நிலைகொள்ளாது. ரயிலில் முண்டியம்பாக்கம் தாண்டும்வரை கரும்பாலை வாசம், அப்புறம் பேரணி, மயிலம். சித்தி வழி முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். எதையும் பார்த்த மாதிரி இல்லை.

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவின் பின்சுவர் முழுக்க இந்தியா. ஆள் உயரத்துக்கு மேல். சித்தி வரைந்தது. மீரட், கான்பூர், அமிர்தசரஸ், சம்பரான், சௌரி சௌரா, வேலூர், வேதாரண்யம் எல்லாம் சிவப்புப் புள்ளிகள். சபர்மதியிலிருந்து தண்டி வரைக்கும் சின்னச் சின்னக் கறுப்புப் பாதங்கள், வரிசையாக, ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகம் அளவு. அந்தப் பாதங்களில் விரல்கூட இருந்தது.

“இந்தச் சுவரு இல்லன்னா என் பொழப்பு பேஜாருதான்” என்றாள் அஸ்வினி. சமூக அறிவியல் ஆசிரியை, என் வயதுதான் இருக்கும். “காலக்கோடு, மேப், பொருத்துக. இது மூணையும் வாங்கிட்டா எப்படியும் பாஸ். பாடத்தை அப்புறமா புரிஞ்சிக்கலாம்னு விட்டுர்றது. மார்ச் மாசம் வந்துட்டா ஒவ்வொருத்தனையும் இங்க நிக்க வெச்சி, குச்சியக் குடுத்து, தொடுறான்னுவேன். ராவுல எழுப்பிக் கேட்டாலும் தொடுவான்.”

“ஏன் சம்பரான், எதுக்குத் தண்டின்னு கேட்டா?”

“அது அஞ்சு மார்க் கேள்விங்க. எல்லாராலயும் முடியாது.”

இந்தச் சுவரை வரைந்த கதையை ரயிலில் திரும்பும்போது சித்தி சொன்னாள். சொன்னாள் என்பதைவிட, கேட்டதற்குப் பதில் வந்தது. அப்போது வரலாறு எடுத்தவர் துரைக்கண்ணு சார். அவர் கீழே நாற்காலியில் உட்கார்ந்து, நீளக் கம்பால் சுவரைத் தொட்டு “இங்க தில்லி. இங்க வை” என்பார். சித்தி பெஞ்சு மேல் பெஞ்சு போட்டு ஏறி நின்று வைப்பாள்.

“புத்தகத்தைப் பாத்து வைக்கலயா?”

“சார்தான் காட்டுறாரே.”

குஜராத்திலேயே, சூரத்தில் நான்கு மாதம் வேலை பார்த்தவள் நான். அந்தச் சுவரின் முன்னால் அரை மணி நேரம் நின்றேன். எனக்கும் எதுவும் தவறாகப் படவில்லை.

ஜூலையில் துணைத்தேர்வு வந்தது. மார்ச்சில் தவறியவர்களுக்கு. சித்திக்கு விழுப்புரத்திலேயே ஒரு பள்ளியில் மையம் போட்டிருந்தார்கள். சமூக அறிவியல் அன்றைக்கு அவளை ஸ்கூட்டியில் கொண்டுபோய் விட்டேன். வாசலில் ஓர் அம்மா மகளை ஆட்டோவிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். பெண்ணுக்குப் பிறந்ததிலிருந்தே கைகால்கள் சொன்னபடி கேட்காது. கழுத்து ஒரு பக்கம் இழுத்தது. கண்கள் மட்டும் நேராக, விறைப்பாக, யாரையும் விடாமல் பார்த்தன. சங்கவி. மரக்காணம் பக்கத்துக் கடற்கரைக் குப்பம். சித்திதான் அவளுக்கு எழுத வேண்டும்.

“நீங்களா மிஸ்?” என்றாள் சங்கவி. ஒவ்வொரு சொல்லும் உள்ளேயிருந்து இழுத்து வர வேண்டியிருந்தது.

“ஆமா.”

“நான் மெதுவாத்தான் சொல்லுவேன்.”

“சரி.”

“கோச்சிக்குவீங்களா?”

“மாட்டேன்.”

அதற்குமேல் சித்தியிடம் எதுவும் இல்லை என்று சங்கவிக்கும் தெரிந்துவிட்டது. சக்கர நாற்காலி உள்ளே போனது.

நான் வீட்டுக்குப் போகாமல் வாசலுக்கு எதிரே புங்க மரத்தடியிலேயே இருந்தேன். சங்கவியின் அம்மா கிளியம்மாளும் அங்கேதான் உட்கார்ந்தார். மடியில் ஒரு தூக்குச் சட்டி, ஒரு பொட்டலம் வறுத்த வேர்க்கடலை; இந்தப் பக்கம் மல்லாட்டை என்பார்கள். எனக்குக் கொஞ்சம் நீட்டினார்.

“நீ டீச்சருக்கு இன்னா வேணும்மா?”

“அக்கா பொண்ணு.”

“டீச்சரு நல்லா எழுதுவாங்களா?”

“சொன்னதை எழுதுவாங்க.”

“அது போதும்.” அவர் வாசலையே பார்த்தார். “போன தபாவும் நல்லாத்தான் போச்சி எல்லாம். சோசியல் அன்னிக்கி மட்டும் யாரோ குறுக்க வந்து பேச, இவளுக்கு வாய் திக்கிக்கிச்சி. ஒரு தபா திக்கினா அப்புறம் வராது. பாதிதான் சொன்னா. முப்பத்தொண்ணு.”

“மத்ததெல்லாம் பாஸா?”

“எல்லாம் பாஸு. இந்த ஒண்ணுதான். திண்டிவனத்துல ப்ளஸ் ஒன்னுக்கு சீட்டு சொல்லி வெச்சிக்கிது, ரிசல்ட்டு வர்ற வரைக்கும் வெக்கிறேன்னாங்க. இதுவும் போச்சின்னா வேணாம்ன்றாரு அவங்கப்பா. வூட்லயே குந்தட்டும்ன்றாரு. அவரையும் குத்தம் சொல்ல முடியாதும்மா. அவருதான் தூக்கி பஸ் ஏத்துறாரு, எறக்குறாரு. ராத்திரியெல்லாம் போட்டுல போயிட்டு வந்து இதையும் பண்ணினா முதுவு தாங்குமா?” ஒரு மல்லாட்டையை உடைத்துத் தின்னாமல் கையிலேயே வைத்திருந்தார். “ஆனா வூட்ல குந்தி இன்னா பண்ணுவா? கதவாண்ட குந்திக்கினு போறவங்க வர்றவங்களப் பாத்துக்கினு இருப்பா. பதினாறு வயசுக்கு அது போதுமா?”

மகள் எப்படிப் படித்தாள் என்று கேட்டேன். முகம் கொஞ்சம் தெளிந்தது.

“நாந்தான் அவளுக்குக் கை. அவ சொல்லச் சொல்ல மேப்புல நான் புள்ளி வெப்பேன். எனக்கு எழுத்து தெரியாது. எம்மா, கடல்ல வெச்சிட்ட, எம்மா, பாகிஸ்தான்ல வெச்சிட்டன்னு கத்துவா. அழிச்சி அழிச்சி ரப்பரே தீந்து போச்சி. அதுல உப்பு ஊரு ஒண்ணு வருதே, காந்தி நடந்து போனது, அது மட்டும் பேரு தெரியும் எனக்கு. நானும் உப்பளத்துல வாரினவதான. எதுக்குடி அந்த மனுசன் அவ்ளோ தூரம் நடந்தாரு, மரக்காணத்துக்கு வந்திருந்தா நானே ஒரு கூடை குடுத்திருப்பனேன்னேன். அன்னிக்கிப் பூரா சிரிச்சா.”

உள்ளே நடந்ததை சித்தி அன்று மாலை சொன்னாள். அவள் விட்டதைச் சங்கவி பிறகு சொன்னாள்.

அறையில் மூன்று பேர். சங்கவி, சித்தி, கண்காணிப்பாளராக வேறு பள்ளி ஆசிரியர் ஆரோக்கியராஜ். முதல் இரண்டு மணி நேரம் நன்றாகவே போனது. சங்கவி சொன்னாள், சித்தி எழுதினாள். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் எவ்வளவு நேரமானாலும் பேனா தாளுக்கு மேலேயே நிற்கும். எடுத்துக் கொடுக்காது, இறங்கவும் செய்யாது. காலக்கோடு வந்தது. சங்கவிக்கு 1930தான் முதலில் வாயில் வந்தது.

“உப்பு சத்தியாகிரகம். இல்ல மிஸ், முன்னாடி எடம் விடுங்க. மூணு வரணும்.”

சித்தி மூன்றுக்கு இடம் விட்டாள். 1920 ஒத்துழையாமை, 1922 சௌரி சௌரா, 1927 சைமன் குழு ஒவ்வொன்றாக வந்து அந்த இடங்களில் உட்கார்ந்தன. கடைசியில் 1935. ஆரோக்கியராஜ் எட்டிப் பார்த்து, “பரவால்லயே, தச்ச மாதிரி இருக்குதே” என்றாராம்.

அடுத்தது இந்திய வரைபடம். அமிர்தசரஸ். சங்கவி வழி சொன்னாள்: “மேல போங்க, இடது பக்கம், தலைக்குக் கீழ, ம்ம், அங்க.” புள்ளி. சௌரி சௌரா. “நேபாளத்துக்குக் கீழ மிஸ், ஒட்டினாப்ல.” புள்ளி. மூன்றாவது தண்டி.

“தண்டி” என்றாள் சங்கவி. அடுத்த சொல்லுக்காக மூச்சை இழுத்தாள்.

மூச்சு திரும்புவதற்குள் சித்தியின் கை குஜராத்தில் ஒரு புள்ளியை வைத்து, பக்கத்தில் ‘தண்டி’ என்று பெயரும் எழுதிவிட்டது.

சங்கவி தாளைப் பார்த்தாள். பிறகு சித்தியைப் பார்த்தாள்.

“நான் இன்னும் சொல்லவே இல்லயே மிஸ்.”

அந்தக் கணத்தைப் பற்றி சித்தியிடம் பலமுறை கேட்டுவிட்டேன். உதவி செய்ய நினைத்தாயா, அவசரமா, அசதியா என்று. ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான். “நான் அங்க இல்ல. கை வெச்சிடுச்சி.” அத்தனை வருடம் அந்தச் சுவரில் மங்கிய இடங்களுக்கெல்லாம் மறுபடி மறுபடி பெயின்ட் தொட்ட கை. அதற்குத் தண்டி என்று ஒரு சொல் போதும். காது தேவையில்லை.

“அங்க இல்ல மிஸ்” என்றாள் சங்கவி. “கடல் உள்ள பூந்து வருதே, அந்த இடுக்கு. அதுக்கு அந்தாண்டக் கரையில வெச்சிட்டீங்க. இந்தாண்டக் கரை. பம்பாய் பக்கம்.”

சித்திக்கு அந்தப் பெண் சொல்வது தப்பு என்றுதான் பட்டது. தினமும் பார்க்கிற சுவர். ஆனால் அவள் வேலை சரி எது தப்பு எது என்பது இல்லை.

“இன்னாச்சி டீச்சர்?” ஆரோக்கியராஜ் வந்தார். பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். “விடுங்க. ஒரு மார்க். எந்தக் கரையா இருந்தா இன்னா?”

“நான்… சொல்ற… து…” சங்கவிக்கு அதற்குள் திக்க ஆரம்பித்துவிட்டது.

“நல்லதுக்குத்தான்மா சொல்றேன். அடிச்சி மாத்தினா திருத்துறவங்க இன்னா நினைப்பாங்க? ஸ்கிரைப்பே போட்டுக் குடுக்கிறாங்கன்னு நினைப்பாங்க. ரெண்டு புள்ளி இருந்தா ரெண்டும் செல்லாதுன்னு சுழிச்சாலும் சுழிப்பாங்க.”

சித்தி முதல் புள்ளியை ஒரு கோட்டால் அடித்தாள். தான் சரி என்று நம்பியதை அடித்து, தப்பு என்று நம்பியதை அந்தப் பெண் சொன்ன இடத்தில், இடுக்குக்கு இந்தப் பக்கம் வைத்தாள். பெயர் எழுதினாள்.

ஆனால் குறுக்கே பேச்சு வந்துவிட்டது. அதற்குப் பிறகு சங்கவிக்கு வாய் வரவில்லை. மீதி இரண்டு ஊர்களையும் கண்ணாலும் தாடையாலும் காட்டினாள். கடைசி எட்டு மார்க் கேள்வியில் நான்கு வரி வந்தது. ஐந்தாவது வரியின் முதல் சொல்லோடு நின்றுவிட்டது. சித்தி பேனாவைத் தாளுக்கு மேலே பிடித்தபடி மணி அடிக்கும்வரை காத்திருந்தாள்.

தாளை வாங்கியதும் ஆரோக்கியராஜ் கிளம்பச் சொன்னார். சித்தி ஒரு வெள்ளைத்தாள் கேட்டு, வரைபடத்தில் உள்ள அடித்தல் தன் தவறு என்றும், மாணவி சொல்வதற்கு முன் தான் குறித்துவிட்டதாகவும் எழுதி, முதன்மைக் கண்காணிப்பாளர் மேசையில் வைத்தாள். “உங்களை யாரு மேடம் எழுதச் சொன்னது?” என்று அவர் கேட்டாராம். யாரும் சொல்லவில்லை.

வாசலில் கிளியம்மாள் மகளின் வாயைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். தூக்கைத் திறந்து கேப்பைக் கூழை ஊட்டினார். சங்கவி நாலு வாய் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சித்தி அவர்களுக்குச் சற்றுத் தள்ளி, போவதா நிற்பதா என்று தெரியாமல், கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் என் நம்பரைக் கிளியம்மாளிடம் கொடுத்தேன். ரிசல்ட் வந்தால் சொல்லுங்கள் என்றேன். “வந்தா சொல்றேன்” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை என்றிருக்கும். அவர் சாதாரணமாகச் சொன்னார்.

அன்று மாலை அரிசி களைந்துகொண்டிருந்த சித்தி, கையைத் துடைக்காமலேயே வந்து, “உன் போன்ல மேப் இருக்குமா?” என்றாள். தண்டி என்று போட்டுக் கொடுத்தேன். நவ்சாரிக்குப் பக்கத்தில், இடுக்கின் கிழக்குக் கரையில், சின்னதாக இருந்தது. நான் சூரத்திலிருந்து அந்தப் பக்கம் பஸ்ஸில் போயிருக்கிறேன். சித்தி திரையைப் பெரிதாக்கினாள், சிறிதாக்கினாள். ஈரம் பட்டு அது நகர்ந்துகொண்டே இருந்தது.

“இந்தாண்டதான்” என்றாள்.

“ஆமா.”

“அந்தப் பொண்ணு சரி.”

“ஆமா சித்தி.”

அவள் போய் உலை வைத்தாள்.

விஷயம் அந்த வாரமே பள்ளிக்கு வந்துவிட்டது. அடுத்த முறை அவளோடு நானும் போயிருந்தேன். விருத்தாசலம் சார் கதவைக்கூடச் சாத்தவில்லை.

“இன்னா டீச்சர் நீங்க? இத்தினி வருஷம் ஒரு பேச்சு வந்ததில்ல. வெச்சது வெச்சிட்டீங்க, கம்முனு வர வேண்டியதுதான? எழுதி வேற குடுத்துட்டு வந்திருக்கீங்க. இனிமே நான் எப்படி உங்க பேரை அனுப்புறது?”

“அனுப்ப வேணாம் சார்.”

“கோச்சிக்காதீங்க.”

“இல்ல சார்.” அவள் போகாமல் நின்றாள். “சார், அந்தச் சுவரு.”

“எந்தச் சுவரு?”

“டென்த் ‘ஆ’வுல. தண்டி தப்பான கரையில இருக்குது.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “எப்பத்திலேர்ந்து?”

“வரைஞ்சதிலேர்ந்து.”

சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். “யாரும் வந்து கேக்கலயே டீச்சர்! ஏழெட்டு பேட்ச் போயிடுச்சி. ஒரு மார்க்குக்கு எவன் வந்து கேக்கப் போறான்? விடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்.”

அஸ்வினி சிரிக்கவில்லை. சுவர் முன்னால் நின்று, பாடப்புத்தகத்தின் சின்ன வரைபடத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “அடக் கடவுளே, குச்சிய நாந்தான் குடுத்தேன். கிளாஸ் மொத்தமும் கரெக்டா இந்தத் தப்பான எடத்தைத்தான் தொட்டுது.” பிறகு, “துரைக்கண்ணு சாருக்கு போன் பண்ணிச் சொல்லலாமா?”

“வேணாம்” என்றாள் சித்தி. “அவரு காட்டினாரு. வெச்சது நான்.”

அந்தச் சனிக்கிழமை யாரும் சொல்லாமல் அவள் பள்ளிக்குப் போனாள். போன ஆண்டு விழாவில் மிச்சமான பெயின்ட் டப்பாக்கள் ஸ்டோரில் இருந்தன. நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். முதலில் பாதங்களை அழித்தாள். நிலத்தின் நிறம் வர வெள்ளைக்குள் பச்சை கலந்து, சபர்மதியிலிருந்து ஒவ்வொரு பாதமாக, விரல் விரலாக. அந்தப் பக்கக் கரையில் இருந்த புள்ளியைக் கடைசியில் மூடினாள். அதோடு நிறுத்திவிட்டாள்.

“மீதி?”

“காயட்டும்.”

காய்ந்தது. மறுவாரமும் அவள் புள்ளி வைக்கவில்லை. சபர்மதி மட்டும் தனியாக இருந்தது, அங்கிருந்து எங்கும் போகாமல். அஸ்வினி கேட்டதற்கு, “வெப்பேன்” என்றாள். எனக்கு அதற்குள் வேறு எங்காவது கிளம்பலாம் என்று தோன்ற ஆரம்பித்திருந்தது. பையைப் பரணிலிருந்து இறக்கினேன், திரும்ப வைத்தேன். துணைத்தேர்வு முடிவு வரும்வரை இருக்கலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

முடிவு வந்த அன்று நாங்கள் பள்ளியில்தான் இருந்தோம். வகுப்பு விட்டுப் பிள்ளைகள் போயிருந்தார்கள். சித்தி தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். என் போன் அடித்தது. எடுத்ததும் கிளியம்மாள் குரல் இல்லை, மூச்சுதான் முதலில் வந்தது. சங்கவி.

“மிஸ்… இருக்காங்களா?”

ஸ்பீக்கரில் போட்டு சித்தியிடம் நீட்டினேன்.

“சொல்லும்மா” என்றாள் சித்தி.

“முப்பத்தாறு.”

பின்னால் கிளியம்மாள் யாரிடமோ சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஓர் ஆணின் குரல், “சரி சரி, பஸ்ஸுக்கு நேரத்தப் பாரு, சீட்டு போயிடப் போவுது” என்றது. சங்கவியின் அப்பாவாக இருக்கும்.

“சரிம்மா” என்றாள் சித்தி.

“தண்டிக்குக் குடுத்திருப்பாங்களா மிஸ்?”

“தெரியல.”

“குடுக்காட்டியும்… பாஸ்தான்.” சங்கவி சிரித்தாள் போல. அது இருமல் மாதிரி வந்தது.

சித்தி போனை என்னிடம் தரப் போனாள். பிறகு தரவில்லை. “ஒரு நிமிஷம் இரு” என்றாள். ஈரத் தூரிகையைச் சேலையில் துடைத்தாள். சிவப்பு டப்பாவைத் திறந்து பெஞ்சு மேல் ஏறினாள். “வெனி, படம் தெரியுற மாதிரி போடு” என்றாள் என்னிடம்.

வீடியோவுக்கு மாற்றி, கேமராவைச் சுவருக்குத் திருப்பினேன்.

“அய்யோ, எவ்ளோ பெருசு!” சங்கவி. “இது எங்க மிஸ் இருக்குது?”

“எங்க ஸ்கூல்ல. தப்பா வரைஞ்சிருந்தேன். எங்க வெக்கணும்?”

“உங்களுக்குத்தான் தெரியுமே இப்ப.”

“நீ சொல்லு.”

எங்கள் பக்கத்தில் நெட் இழுத்தது. சங்கவியின் முகம் உறைந்து நின்றது, வாய் பாதி திறந்தபடி. சித்தி தூரிகையைச் சுவரிலிருந்து விரல்கடை தூரத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். பெயின்ட் நுனியில் சேர்ந்து, பெஞ்சில் ஒரு சொட்டு விழுந்தது. கை நகரவில்லை. முகத்திலும் ஒன்றும் இல்லை.

முகம் அசைந்தது. “வெச்சிட்டீங்களா மிஸ்?”

“சொல்லு” என்றாள் சித்தி. “நான் இன்னும் வெக்கல.”

“கீழ வாங்க. இன்னும். இடுக்கு வாய்க்கு நேரா. இந்தாண்டக் கரை. ஒட்டி.”

“டீச்சர், கடல்ல வெச்சிடாதீங்க!” என்று கிளியம்மாள் நடுவில் கத்தினார்.

“எம்மா, சும்மா இரு. அங்கதான் மிஸ்.”

சித்தி வைத்தாள். பெஞ்சை விட்டு இறங்கி, தள்ளி நின்று பார்த்தாள்.

“அந்தாண்டக் கரையில ஏதோ கால் கால் மாரி தெரியுது மிஸ்” என்றாள் சங்கவி.

“பழசு. அழிச்சேன். இன்னும் தெரியுதா?”

“லேசா தெரியுது.”

“இன்னொரு கோட்டு பெயின்ட் அடிக்கணும்” என்றாள் சித்தி. சபர்மதியிலிருந்து இந்தப் பக்கமாகப் பாதம் போட அன்று நேரமில்லை. பாசஞ்சரைப் பிடிக்க வேண்டியிருந்தது.